பெரட்டுக்கு ஓடி வந்தவளுக்கு

உன் போனை இன்றைக்கும் துடைத்தேன். போன் கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். தூசி போகிறது, எண்ணெய்ப் பிசுக்குப் போகிறது, கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையில் வலது மூலையில் இருக்கிற அந்தப் பழுப்புக் கறை மட்டும் போவதில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய விரலோடு வந்து நீ அழுத்தி அழுத்தி உண்டாக்கியது. எங்கே போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் துடைக்கிறேன்.

கடைக்கார நானாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அந்த ஒறய உரிச்சிப் போட்டுட்டுப் புதுசு ஒன்னு ஒட்டுங்களே. பெட்டி நெறயக் கெடக்குதானே."

அதில் யாராவது கை வைத்தால் நான் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்குப் பிடிக்காது. எந்தக் கதையையும் முதலிலிருந்து கேட்டால்தான் உனக்குத் தூக்கம் வரும். ஆகவே முதலிலிருந்தே வருகிறேன், பொறுமையாக இரு.

நம் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில் மட்டும்தான். ஞாயிறு மத்தியானம் உடுப்புக் கழுவிக் காயப்போட்டுவிட்டு நாம் இருவரும் அங்கே ஏறிவிடுவோம். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை நீ கொண்டுவந்து பாறையில் விரிப்பாய். கீழே மஸ்கெலியா அணைத் தண்ணீர் பளபளக்கும். ஊரில் எல்லாரும் நாம் கல்யாணப் பேச்சுப் பேசுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். நாம் பேசியதெல்லாம் கேம் பற்றித்தான். எந்தக் கார் ஓட்டம் நல்லது, எந்தத் துப்பாக்கி ஆட்டத்தில் ஏமாற்றுகிறார்கள், மிட்டாய் உடைக்கிற ஆட்டத்தில் நான் எந்தப் படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இதுதான். ஒருமுறை உனக்கு ஒரு விவசாய ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தேன். விதை போடலாம், தண்ணீர் ஊற்றலாம், அறுக்கலாம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய்.

"ஏ புள்ள, ஆறு நாளும் மலையில நிக்கிறேன். ஏழாவது நாளு போன்லயும் நிக்கச் சொல்றியா?"

அன்றைக்கு அதை அழித்துவிட்டு நீயாகத் தேடி எடுத்ததுதான் அந்தக் கோட்டைச் சண்டை. இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், வாள், கேடயம், குன்றின் மேல் கல் கோட்டை. பக்கத்துக்கு நான்கு பேர். ஒரு பக்கம் கோட்டை வாசலைக் காக்க வேண்டும், மற்றப் பக்கம் அதைப் பிடிக்க வேண்டும். நேரம் முடியும்போது காக்கிறவர்களில் ஒருவராவது வாசலில் நின்றால் வாசல் அவர்களுக்கு. அவ்வளவுதான் விதி. எனக்குப் படம் அழகாக இருந்தது பிடித்தது. நீயோ கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது தொர பங்களாதானே. நம்மள மாதிரி ஆளுங்க இருக்கிற லயத்த எங்க காணோம்?" என்று கேட்டாய். அவ்வளவு பெரிய கோட்டைக்குச் சோறு ஆக்கியது யார், கல் சுமந்தது யார், அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டுக் குடைந்தாய். கேம் செய்தவர்கள் அதையெல்லாம் யோசிக்கவில்லை என்றேன். அவர்கள் தொரைமார் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்றாய்.

அந்த ஆட்டத்தில் எல்லாரும் தலையைக் குறிவைத்துத்தான் வாள் வீசுவார்கள். நீ மட்டும் முதல் நாளிலிருந்தே குனிந்து காலை வெட்டினாய். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை நம் தோட்டத்தில் ஆண்களுக்குத்தான் கொடுக்கப்படும். அந்தக் கத்தியைத் தொடவே உன்னை விட்டதில்லை. "இங்க கத்தி ஏங்கிட்ட இருக்கு. மேலதான் இரும்பு, கீழ வெறுங்காலு. கவ்வாத்துப் பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டு, கீழே வெட்டுகிற பொத்தானை உன் கட்டைவிரல் போய் விழுகிற மூலைக்கே நகர்த்தி வைத்துக்கொண்டாய். உன் வீரனுக்கு நீ வைத்த பெயரும் கவ்வாத்துதான். நான் ஏதோ பூவின் பெயர் வைத்திருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லி நீ என்னைக் கிண்டல் பண்ணியது கொஞ்சநஞ்சமா.

பிறகு அந்தக் கொழும்புக் கேப்டன். தமிழ் ஆட்டக்காரர்கள் கூடுகிற ஒரு குழுவில் அவன்தான் பெரிய ஆள், இரண்டு பேர் குறைகிறதென்று நம்மைச் சேர்த்துக்கொண்டான். காதில் இயர்போன் கம்பியை ஆளுக்கொரு முனையாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வாசலை நாம் காக்கிறோம், நீ நடுவில் நிற்கிறாய். எதிரி ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு வருகிறான். கேப்டன் இங்கிலீஷில் "பெரி இட்" என்று கத்தினான். வருகிற வெட்டைக் கேடயத்தால் தட்டிவிடு என்று அர்த்தமாம். நீ வாசலை விட்டுவிட்டு அவன் நின்ற இடத்துக்கு ஓடினாய். உன்னைப் பார்த்து நானும் ஓடினேன். வாசல் போயிற்று.

என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்டபோது நீ உள்ளதைச் சொன்னாய். பெரட்டு என்று கேட்டது, வந்தேன் என்றாய். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லுக்குத்தான் நீ ஓடியிருக்கிறாய். ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடி, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரிக்கிற இடம். அதைக் காதில் கேட்டால் கால் தானாகப் போகும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவன் சிரித்தான். அவன் கூட இருந்தவன் அதைவிட அதிகமாகச் சிரித்தான்.

"தோட்டக்காட்டு ஆக்கள எடுத்தா இதுதான் நடக்கும். போய்க் கொழுந்து எடுங்க."

எனக்குக் காது சுட்டது, கம்பியைப் பிடுங்கப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"பெரட்டுன்னா ஆள் கூடுற எடங்க. நீங்க கூப்புட்டதா நெனச்சு வந்துட்டேன். ஒங்களுக்கு ஆள் கூப்புடத் தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

அவன் நம்மைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டான். நான் அழுதேன். உண்மையைச் சொல்கிறேன், அவமானத்தில்தான் அழுதேன். அந்தச் சொல்லை இனிமேல் வெளி ஆட்கள் முன்னால் வாயில் எடுக்கவே கூடாது என்றுகூடச் சொன்னேன். நீ படங்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னாய்: "நாம ஒரு டீம் போடுறோம். பேரு பெரட்டு. அவனுங்களுக்கு அது வெளங்காதுல்ல, அது நமக்கு நல்லதுதான்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். கினிகத்தேனையில் பேக்கரியில் வேலை செய்கிற சமன் வந்தான். தமிழ் பாதி, சிங்களம் பாதி பேசுவான், நாம் இருவருமே அவனுக்கு நங்கிதான், அவன் பாஷையில் தங்கச்சி. றொசல்லையில் பிறந்து கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிற விஜி வந்தான், நம்மை அக்கா என்பான், கால்பந்து ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் கேமே இல்லை என்று சண்டை பிடிப்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நீ கணக்கப்பிள்ளையின் குரலில் பேர் கூப்பிடுவாய், நாங்கள் ஒவ்வொருவராக ஆமாங்க என்று சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பேர் போடுவாய். மலையில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும் என்பது உன் உடம்புக்குத் தெரிந்த விஷயம். அதை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தாய். கடைசிவரை நின்றவனுக்கு முழுப் பேர், நடுவில் விழுந்தவனுக்கு அரைப் பேர். சமன் அரைப் பேர் வாங்கிவிட்டு உன்னிடம் கெஞ்சுவது கேட்கவே சிரிப்பாக இருக்கும். நீ ஒருநாளும் இரங்கியதில்லை. உனக்கே அரைப் பேர் போட்டுக்கொண்ட நாட்களும் உண்டு.

வாசலில் நாம் சிதறிப்போனால் ஒரே கூப்பாடு. பெரட்டு. உடனே எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்துவிட வேண்டும். சமனும் அதைப் பழகிக்கொண்டு, "பெரட்டு யமு" என்பான், யமு என்றால் போவோம்.

அந்தக் காலையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மரத்தில் குளவிக் கூடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். நீயே மூன்று தரம் சொல்லியிருக்கிறாய், பார்ப்போம் பார்ப்போம் என்றார்கள். குளவி கொட்டிய உன்னை லொறியில் ஏற்றினார்கள், ஆனால் அதில் இருந்த கொழுந்து மூட்டைகளைத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இறக்கிவிட்டுத்தான் லொறி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. சாவு வீட்டில் வந்தவர்கள் விதி என்றார்கள். விதியா மூட்டை இறக்கியது என்று கேட்டேன். பெண் பிள்ளை இப்படிச் சத்தம் போடலாமா என்றார்கள். இன்னும் சத்தமாகக் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன், நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

எட்டாம் நாள் உன் அண்ணன் கடைக்கு வந்து உன் போனை மேசையில் வைத்தார். எங்களுக்குத் திறக்கத் தெரியவில்லை, நீயே வச்சுக்கம்மா என்றார். எனக்குத் திறக்கத் தெரியும். நம் இருவருக்கும் ஒரே பூட்டுதான்.

ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு மாதம் உள்ளே வராத பெயரை அதுவாகவே அணியிலிருந்து நீக்கிவிடும். அது தெரிந்ததிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் போனில் ஒரு நிமிடம் நுழைந்துவிட்டு வருவேன். கவ்வாத்து வந்தாயிற்று என்று திரையில் வரும். உன் பேரை யாரும் வெட்டிவிட முடியாது என்ற ஒன்றுதான் அந்த நாட்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இப்போது ஒரு போட்டி வந்தது. பெரிய போட்டி இல்லை, அந்தத் தமிழ்க் குழுவே நடத்துவது. விஜி ஆசைப்பட்டான், நானும் சரி என்றேன். பேர் கொடுப்பதற்கு முந்தின நாள் கூப்பிட்டான். சுற்றி வளைத்துத்தான் வந்தான், பாவம்.

"அக்கா, டீம் பேர மாத்துவோமா? பெரட்டுன்னு சொன்னா இங்க பரோட்டாவான்னு கேக்குறானுங்க. எங்க கடையில ஒருத்தன் இருக்கான், நல்லா வெளையாடுவான். மத்த அக்காட எடத்துல அவனப் போடலாம். மூணு பேரா போயி அடி வாங்கணுமா?"

அவன் கெட்டவன் இல்லை. கொழும்பில் வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள், சொன்னால் முகம் மாறும். அதை ஒவ்வொரு நாளும் விழுங்கிக்கொண்டு நிற்பவன் அவன். அன்றைக்குப் பாறையில் நான் சொன்னதைத்தான் இன்றைக்கு அவன் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

"அவ எடத்துல ஆள் இருக்கு விஜி. அவதான் இருக்கா. அவ போன் ஏங்கிட்ட இருக்கு, வாசல்ல கொண்டாந்து நிறுத்துவேன். அடி வாங்கினா நாலு பேராத்தான் வாங்குவோம். பேரு பெரட்டுதான், ஒனக்கு வெக்கமா இருந்தா நீ நில்லு, நாங்க போறோம்."

எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

போன ஞாயிறு மத்தியானம் பாறைக்கு ஏறினேன். உன் படங்கை விரித்து, இடது பக்கம் என் போன், வலது பக்கம் உன் போன். முதல் ஆட்டமே யாரோடு விழுந்தது தெரியுமா? அவனோடுதான். அதே கொழும்புக் கேப்டன், அதே சிரிப்பு. அணிகளின் பெயரைப் பார்த்ததும் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. இன்றைக்குக் கொழுந்து இல்லையா என்று எழுதினான். உன் குரலை வரவழைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். உன் பேரைக் கூப்பிட்டபோது உன் போனை வாயருகே வைத்து நானே ஆமாங்க என்றேன்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் வாசலைப் பிடிக்க வேண்டியது நாங்கள், நன்றாக அடி வாங்கினோம். இரண்டாம் சுற்றில் வாசல் எங்களுக்கு. உன் வீரனை வாசல் நடுவில் நிறுத்தினேன். அவன் அசையவில்லை, எப்படி அசைவான்? அவர்களுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. இந்த ஆட்டத்தில் அணிக்கு மட்டும் கேட்கிற குரல் ஒன்று, பக்கத்தில் நிற்கிற எதிரிக்கும் கேட்கிற குரல் ஒன்று என்று இரண்டு இருக்கிறதல்லவா? அந்தக் கிட்டக் குரலில், இது சும்மா நிற்கிற பொம்மை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

விஜியையும் சமனையும் சுவர்ப் பக்கம் துரத்திவிட்டு நான்கு பேரும் வாசலுக்குத் திரும்பினார்கள். நடுவில் நீ. எதிரே நான் ஒருத்தி. அப்போதுதான் அவனுங்களுக்கு அது வெளங்காதுல்ல என்று நீ அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. என் போனைக் கீழே போட்டேன். உன் போனை எடுத்தேன். கிட்டக் குரலைத் திறந்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"பெரட்டு!"

குரல் உன் வீரனிடமிருந்து கிளம்பியது, அவர்கள் நான்கு பேருக்கும் நடுவில். நான்கு கேடயங்களும் ஒன்றாக மேலே போயின. அவர்கள் காதில் விழுந்தது பெரி இட். அன்றைக்கு உன் கால் போனதைப் போல இன்றைக்கு அவர்கள் கை போயிற்று. கேடயத்தைத் தூக்கினால் ஒரு நொடிக்கு ஆளால் திரும்ப முடியாது. அந்த ஒரு நொடிக்குள் விஜியும் சமனும் வாசலுக்கு ஓடி வந்து பின்னாலிருந்து மூன்று பேரைச் சாய்த்துவிட்டார்கள்.

மிஞ்சியவன் கேப்டன். கெட்டிக்காரன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பிய வேகத்தில் விஜியை வெட்டினான், பிறகு சமனை. கீழே கிடந்த போனில் நான் எப்போதோ விழுந்துவிட்டிருந்தேன். அவன் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்தான். உன் போனில் நான் ஒருநாளும் விளையாடியதில்லை, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தெரியாது. கறை தெரிந்தது. அதன் மேல் என் கட்டைவிரலை வைத்தேன்.

நீ குனிந்தாய். ஒரே வீச்சு, முழங்காலுக்குக் கீழே. அவன் விழுந்தான், நேரமும் முடிந்தது. வாசலில் நீ நின்றாய்.

மூன்றாம் சுற்றில் தோற்றோம், போட்டியை விட்டும் வெளியே வந்தோம். அதை மறைக்க மாட்டேன், மறைத்தால் நீயே என்னைத் திட்டுவாய். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் எழுதிக் கேட்டான்: இரண்டாம் சுற்றில் நீங்கள் கத்தியது என்ன சொல், பெரி இட் தானே? பெரட்டு என்று எழுதினேன். ஆள் கூடுகிற இடம், கூப்பிடத் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் ஆள் வரும் என்று எழுதினேன். அவன் அதைப் படித்தான் என்று திரையில் தெரிந்தது.

அடுத்த போட்டிக்கு விஜியே பேர் கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. அணியின் பேர் பெரட்டு, முதல் ஆள் கவ்வாத்து. கடையில் பரோட்டா என்று சொன்னவனுக்குப் பெரட்டு என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினானாம். விளக்கும்போது கடை முதலாளியும் நின்று கேட்டாராம்.

இனிமேல் பேர் கூப்பிடுவது என் வேலை. அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதும் என் வேலை, கொழும்பாக இருந்தாலும் சரி, எவன் சிரித்தாலும் சரி. கறையை ஒருவரும் தொடப் போவதில்லை. அன்றைக்கு ஆட்டம் முடிந்த பிறகு, நீ செய்வதைப் போலவே பேர் போட்டேன். விஜிக்கு அரைப் பேர், சமனுக்கு அரைப் பேர், எனக்கும் அரைப் பேர்தான் என்றேன். சமன்தான் மெதுவாகக் கேட்டான்.

"மத்த நங்கிக்கு?"

"முழுப் பேரு" என்றேன்.